முகம் தெற்கு, தபால் வடக்கு

தபால் வீட்டு வாசலுக்கு வந்து சேர வேண்டும். தெரு ஒழுங்காக இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் முத்தியால்பேட்டையில் யாருக்கும் மாறுபட்ட கருத்து இருந்ததில்லை. இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதுதான் தப்பாகப் போய்விட்டது.

தபால்காரர் காத்தவராயனுக்கு அந்த ஆசை உண்டு. இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் அவருக்கு வயது ஐம்பத்தேழு. அதில் இருபத்தொன்பது வருஷம் காக்கிச் சட்டைக்குள் கழிந்திருந்தது. அப்பா மில்லில் நூல் மூட்டை தூக்கினார், நாம் காகிதம் தூக்குகிறோம், பாரம் குறைந்திருக்கிறதே என்று திருப்திப்பட்டுக்கொள்ளும் மனிதர். விதி என்று அச்சடித்து எதைக் கொடுத்தாலும் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். மழைக்கு ஒதுங்கினாலும் விதிப்படிதான் ஒதுங்குவார் என்று அவர் மனைவி ஆதிலட்சுமி சொல்லுவாள். அதைப் பாராட்டு என்றே அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் தபால் கொடுக்கும் தெருக்களில் ஒன்று இரட்டைக்கிணற்றுத் தெரு. கிணறு இரண்டையும் மூடி வெகுகாலம் ஆகிறது. பேரைத்தான் யாரும் மூடவில்லை. எதிரும் புதிருமாக இரண்டு மாடு வந்தால் ஒன்று பெரிய மனசு பண்ணி வழிவிட வேண்டும், அவ்வளவு அகலம். எண்பத்து நாலு வீடு. ஒன்றாம் எண் தெற்கு முனையில், எண்பத்து நாலு வடக்கு முனையில். பிரெஞ்சுக்காரன் காலத்தில் போட்ட எண். அவன் ஏன் தெற்கிலிருந்து ஆரம்பித்தான் என்று யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் சித்திரையில், நகர ஒழுங்கு மற்றும் எழில் மேம்பாட்டு வாரியம் என்று ஒன்று இருந்ததே, ஜனங்கள் சுருக்கமாக எழில் வாரியம் என்பார்கள், அது இரட்டைக்கிணற்றுத் தெருவின் நெரிசலைத் தன் மேலான கவனத்துக்கு எடுத்துக்கொண்டது. பலன், அறிவிக்கை எண் பதினாலு. "மேற்படி தெருவில் ஊர்திகள் யாவும் வடக்கு முனையில் நுழைந்து தெற்கு முனையில் வெளியேறுதல் வேண்டும். மறுதலையாகச் செல்லுதல் தண்டனைக்குரியது." ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். ஒருவழிப் பாதை என்பது பெரிய ஊர்களில் உள்ள சமாச்சாரம். நம்ம தெருவுக்கும் வந்துவிட்டதே என்று ஒரு பெருமை.

மறுநாள் காலை காத்தவராயன் வழக்கப்படி தெற்கு முனையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார். வாரியத்தின் திசைக் கண்காணிப்பாளர் சக்கரபாணி நிறுத்தினார். தங்கமான மனுஷர், ஆனால் புத்தகத்தை விட்டு ஓர் எழுத்து நகரமாட்டார். சைக்கிளும் ஊர்திதான் என்றார். நியாயம்தானே என்று காத்தவராயன் சைக்கிளை டீக்கடையில் சாத்திவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து வந்தார். சக்கரபாணி மறுபடியும் நிறுத்தினார்.

"சைக்கிளைத்தான் விட்டுட்டு வந்துட்டேனே சார்."

"சைக்கிளை விட்டுட்டீங்க. நீங்க இருக்கீங்களே."

அறிவிக்கையின் பின்பக்கத்தில் விளக்கம் அச்சாகியிருந்தது. ஊர்தி எனப்படுவது, பிறருக்குரிய பொருளைச் சுமந்துகொண்டு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகரும் எதனையும் குறிக்கும். சக்கரபாணி அதை விரல் வைத்துக் காட்டினார். பை தோளில் இருக்கும்வரை காத்தவராயன் ஊர்தி. இறக்கி வைத்துவிட்டால் மனுஷன். மனுஷன் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம் என்று பொறுமையாக விளக்கினார். படித்துப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. காத்தவராயன் எழுத்தை மதிப்பவர். திரும்பிப் போய்விட்டார்.

வடக்கிலிருந்து வந்தால் தீர்ந்தது என்று உங்களுக்குத் தோன்றும். அவருக்கும் தோன்றியது. அதைப் போஸ்ட்மாஸ்டர் விஜயராகவனிடம் போய்ச் சொன்னார். விஜயராகவன் அலமாரியைத் திறந்து, பழுப்பேறிய தாள் ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தார். தெருவில் எந்த வீட்டுக்குப் பிறகு எந்த வீடு என்று மேலிடம் அங்கீகரித்த பட்டியல். ஒன்றில் தொடங்கி எண்பத்து நாலில் முடிந்தது. ஏறுவரிசை. இறங்குவரிசையில் கொடுத்தால் அது விநியோகம் ஆகாது, வெறும் காகிதம் போடுதல் ஆகும் என்றார்.

"இது மத்திய சர்க்கார் தபாலு காத்தவராயன். ஊர்ல போடற சட்டத்துக்கெல்லாம் திரும்பி நடக்காது."

பட்டியலை மாற்ற வேண்டுமானால் மேலே எழுத வேண்டும். அவர்கள் அதற்கு மேலே எழுதுவார்கள். டில்லியிலிருந்து பதில் வரும். எப்போது வரும் என்று கேட்பது மரியாதை இல்லை.

காத்தவராயன் இரண்டு சட்டத்துக்கும் பழுதில்லாத ஒரு வழி கண்டுபிடித்தார். வடக்கு முனையில் நுழைவது. தெருக்கோடி வரை நடந்து ஒன்றாம் வீட்டில் கொடுப்பது. தெற்கே வெளியேறி, பெரிய தெரு வழியாகச் சுற்றி மறுபடி வடக்கு முனைக்கு வந்து நுழைந்து இரண்டாம் வீட்டில் கொடுப்பது. இப்படியே எண்பத்து நாலு சுற்று. ஒருநாள் நடந்தும் பார்த்தார். பொழுது சாயும்போது பதின்மூன்றாம் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் இருந்த தேவதாஸ் மோர் கொண்டுவந்து கொடுத்தார். தேவதாஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அல்ஜீரியாவில்கூட இப்படிச் சுற்றிவளைத்து ஒரு இடத்தைப் பிடித்ததில்லை என்றார்.

மறுநாள் விஜயராகவன் ஆணையிட்டார்: நிலைமை தெளிவடையும் வரை இரட்டைக்கிணற்றுத் தெருவுக்கான விநியோகம் நிறுத்திவைக்கப்படுகிறது. கடிதங்களை அலமாரியில் வைத்துப் பூட்டினார். பொதுமக்களுக்கு இதனால் எந்தச் சிரமமும் இல்லை என்றும் ஓர் அறிவிப்பு ஒட்டினார். யார் வேண்டுமானாலும் தபாலாபீசுக்கு நேரில் வந்து கடிதத்தை வாங்கிக்கொள்ளலாம். முதலில் மனுக் கொடுக்க வேண்டும். மனு ஏற்கப்பட்டால் அனுமதிக் கடிதம் அவரவர் வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்பி வைக்கப்படும்.

பதினைந்து நாளில் முப்பத்தெட்டுப் பேர் மனுக் கொடுத்தார்கள். முப்பத்தெட்டுப் பேருக்கும் அனுமதி கிடைத்தது. முப்பத்தெட்டு அனுமதிக் கடிதங்களும் அலமாரிக்குள் பத்திரமாக இருந்தன.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம்தான், அறுபத்தோராம் வீட்டுக் கமலவேணி இல்லாமல் இருந்தால். மில் மூடியபோது வேலை போனவருடைய மகள். கல்யாணம் தட்டித் தட்டிப் போனதில் அவளே அதை மறந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில் வேலை. ஊர்ப்பட்ட பேருடைய சர்ட்டிபிகேட்டை நகல் எடுத்துக் கொடுத்துக் கொடுத்து, தன் சர்ட்டிபிகேட்டையும் பதினோரு வருஷத்தில் எத்தனை இடத்துக்கு அனுப்பினாள் என்று அவளுக்கே கணக்கு மறந்திருந்தது. வயது முப்பத்து நாலு. வருகிற ஆனியோடு சர்க்கார் வேலைக்கு வரம்பு முடிகிறது. கடைசியாக விண்ணப்பித்திருந்த இடம் எழில் வாரியம். இளநிலை உதவியாளர் வேலை.

அவளோடு விண்ணப்பித்த இன்னொருத்திக்கு, பக்கத்துத் தெருவில், அழைப்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. அழைப்புக் கடிதத்தைக் கையில் கொண்டுவராதவர்களை உள்ளே விடமாட்டார்கள். கமலவேணி தபாலாபீசுக்கு ஓடி வந்தாள். அவள் மனு ஏற்கனவே ஏற்கப்பட்டிருப்பதாக விஜயராகவன் மகிழ்ச்சியோடு தெரிவித்தார். கடிதம் வந்திருக்கிறதா என்று மட்டுமாவது சொல்லுங்கள் என்றாள். பிறர் கடிதத்தைப் பற்றிய ரகசியத்தை வெளியிட அவருக்கு அதிகாரம் இல்லை. பிறர் இல்லை சார், நான்தான் அது என்றாள். அதை நிரூபிக்க முகவரிக்கு வந்த ஏதாவது ஒரு கடிதம் வேண்டும் என்றார் அவர்.

காத்தவராயன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கடிதத்தைத் தெருவாரியாகப் பார்த்து அடுக்கியவர் அவர்தான். திங்கட்கிழமையே வந்தது. எழில் வாரியத்தின் முத்திரை, மேலே சிவப்பில் ‘அவசரம்’. அந்தத் தெருவுக்குத் தன் கடிதமே போக முடியாதபடி வாரியம் சட்டம் போட்டிருப்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவளை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். படி இறங்கும்போது அவள் சொன்னாள்:

"இல்லன்னு சொல்லிட்டாக்கூட நிம்மதியா இருக்கும் அண்ணே. வரும் வரும்னு பாத்துப் பாத்தே வயசு போயிடுச்சு."

அன்று புதன்கிழமை. காத்தவராயன் டீக்கடையில் உட்கார்ந்தார். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. அப்போது இரட்டைக்கிணற்றுத் தெருவுக்கு ஜல்லி இறக்க வந்த லாரி ஒன்று, திரும்ப இடமில்லாமல், தெற்கு முனையிலிருந்து பின்பக்கமாகவே ஊர்ந்து தெருவுக்குள் நுழைந்தது. சக்கரபாணி அங்கேயே நின்றிருந்தார். ரசீதுப் புத்தகம் கையில் இருந்தது. லாரியை அவர் ஒன்றும் செய்யவில்லை.

காத்தவராயன் எழுந்து போய், இது மட்டும் தப்பில்லையா என்று மரியாதையாகக் கேட்டார்.

"ரிவர்ஸ்தானே போவுது. மொகம் தெக்கதான பாத்துட்டிருக்கு" என்றார் சக்கரபாணி. சந்தேகம் இருந்தால் படித்துக்கொள்ளுங்கள் என்று அறிவிக்கையை நீட்டினார். ஏழாம் பிரிவு: ஊர்தியின் முகப்பு எத்திசையை நோக்கியிருக்கிறதோ அத்திசையே அதன் பயணத்திசை எனக் கொள்ளப்படும்.

காத்தவராயன் அதை இரண்டு தடவை படித்தார். வீட்டுக்குப் போய் மூன்றாம் தடவை மனசுக்குள் படித்தார். ஆதிலட்சுமி என்ன முணுமுணுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, நாளைக்கு என்னைத் தெருவில் பார்த்தால் பயப்படாதே என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை காலை விஜயராகவனிடம், ஏறுவரிசையும் கெடாது, ஒருவழியும் கெடாது, கடிதங்களைக் கொடுங்கள் என்றார். எப்படி என்று விஜயராகவன் கேட்டார். கேட்ட பிறகு, தெரிந்துகொண்டால் தாமும் பொறுப்பாளி ஆகிவிடுவோம் என்று உறைத்து, பதிலுக்குக் காத்திராமல் அலமாரியைத் திறந்துவிட்டார்.

பத்தரை மணிக்குக் காத்தவராயன் தெற்கு முனைக்கு வந்தார். பையைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார். தெற்கே பார்த்து நின்றார். முகப்பைக் கொஞ்சமும் திருப்பாமல், வலது காலைப் பின்னால் எடுத்து வைத்து, வடக்கு நோக்கிப் புறப்பட்டார்.

முதல் வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டே கடிதத்தைக் கொடுத்துவிட்டார். நாலாம் வீட்டில் கோலத்தை மிதித்தார். ஒன்பதாம் வீட்டில் படுத்திருந்த நாய் மேல் கால் பட்டு, நாயும் அவரும் ஒருவரையொருவர் மன்னித்துக்கொண்டார்கள். பதின்மூன்றாம் வீட்டில் தேவதாஸ் வெளியே வந்து நெடுநேரம் பார்த்தார். பட்டாளத்தில் எத்தனையோ பின்வாங்கலைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு ஒழுங்கான பின்வாங்கலைப் பார்த்ததில்லை என்று சல்யூட் வைத்தார். அதற்குள் விஷயம் பரவித் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. இடப்பக்கம் தண்ணிக் குடம் இருக்கு, வலப்பக்கம் ஒதுங்கு, இன்னும் ரெண்டடி, நில்லு, அதான் முப்பத்தெட்டு என்று ஆளாளுக்குத் திசை சொன்னார்கள். அந்தத் தெருவில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்காமல் நடந்த காரியம் அது ஒன்றுதான்.

அறுபத்தோராம் வீட்டுக்கு முதலில் அவருடைய முதுகு போய்ச் சேர்ந்தது. கமலவேணி வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் கடிதத்தை எடுத்துத் தோளுக்கு மேலே பின்னால் நீட்டினார். அது கையை விட்டுப் போனதை உணர்ந்தார். உறை கிழிகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கச் சட்டத்தில் இடம் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே தெற்கே பார்த்து நின்றுவிட்டு அறுபத்திரண்டுக்குப் போனார்.

வடக்கு முனையில் சக்கரபாணி காத்திருந்தார். ஏழாம் பிரிவைப் படித்தார். காத்தவராயனின் முகத்தைப் பார்த்தார். அது தெற்கேதான் இருந்தது. ரசீதுப் புத்தகத்தை மூடிவிட்டார். மூடும்போது அவருக்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

கமலவேணிக்கு வேலை கிடைத்தது. கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் நல்ல காரியம் ஒன்று நடந்துவிட்டால் அதை நாலு பேர் முறைப்படுத்தாமல் விடமாட்டார்கள்.

காத்தவராயன் தினமும் அப்படியே தபால் கொடுத்தார். கால் பழகிவிட்டது. ஆனாலும் கோலம் மிதிபடுகிறது என்று பெண்கள் குறைப்பட்டதால், பழைய ஸ்கூட்டர் கண்ணாடி ஒன்றை வாங்கித் தோள்பட்டையில் கட்டிக்கொண்டார். உடனே வாரியம் விழித்துக்கொண்டது. கண்ணாடி பொருத்தப்பட்டதால் அவர் இனிச் சாதாரண ஊர்தி அல்ல, திருத்தியமைக்கப்பட்ட ஊர்தி. ஆகவே பின்புறம் சிவப்பு விளக்கு பொருத்த வேண்டும். எது பின்புறம் என்பதில் சிக்கல் வந்தது. முதுகுதான் பின்புறம் என்று ஒரு கட்சி. முதுகு முன்னால் போகிறது, ஆகவே நெஞ்சுதான் பின்புறம் என்று இன்னொரு கட்சி. மூன்று கூட்டம் போட்டு இரண்டு பக்கமும் விளக்கு என்று தீர்மானித்தார்கள். சீருடையில் விளக்கு பொருத்தத் தபால் விதியில் இடமில்லை என்று விஜயராகவன் எழுதினார். கடைசியில் ராஜி ஆயிற்று: விளக்கு இரண்டும் காத்தவராயனிடம் இருக்க வேண்டும், ஆனால் பைக்குள், அணைந்த நிலையில் இருக்க வேண்டும்.

இந்தச் சமயத்தில் வெற்றிச்செல்வன் வந்து சேர்ந்தார். அதற்கு முன் கம்ப்யூட்டர் சென்டர் வைத்து மூடியவர். அதற்கும் முன் மூங்கில் நாற்காலி. காத்தவராயன் நடப்பதை ஒரு வாரம் பார்த்துவிட்டு, தெருமுனையில் மாடி ஒன்றை வாடகைக்குப் பிடித்துப் ‘பின்னடை யோக நிலையம்’ என்று பலகை மாட்டினார். பின்னால் நடந்தால் முழங்கால் வலி போகும், சர்க்கரை இறங்கும், போன ஜென்மத்துப் பாவம்கூட எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் கழியும். வெள்ளைக்காரர்கள் பாய் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் நடந்தால் அது யோகம். அதே தெருவில் அதே நேரத்தில் காத்தவராயன் நடந்தால் அது டூட்டி.

வெள்ளைக்காரர்கள் செய்கிறார்கள் என்றதும் ஊர்க்காரர்களுக்கும் அதில் உண்மை இருப்பதாகப் பட்டது. ஆறே மாதத்தில் கடற்கரைச் சாலையில் சாயங்காலம் பாதிப்பேர் பின்னால் நடந்தார்கள். நேரே நடப்பவர்களும் பின்னே நடப்பவர்களும் முட்டிக்கொண்டார்கள்; முட்டிக்கொண்டதில் மன்னிப்புக் கேட்டவர்கள் நேரே நடப்பவர்களே. படித்த குடும்பம் என்று காட்டிக்கொள்ள வேண்டுமே. பெண் பார்க்க வந்தவர்கள், பெண்ணை ஒருமுறை பின்னால் நடந்து காட்டச் சொன்னதாகக்கூடப் பேச்சு இருந்தது. இரட்டைக்கிணற்றுத் தெருவில் வீட்டு வாடகை ஏறியது. தெருவாசிகள், நாங்கள் அந்தத் தெரு என்று சொல்லும்போது கழுத்து ஒரு அங்குலம் நீண்டது.

காத்தவராயனுக்கு மட்டும் நேரே நடக்க வேண்டும் போல் இருந்தது. மூன்று வருஷமாக அவர் அந்தத் தெருவை விட்டு விலகிப்போய்க்கொண்டேதான் இருந்தார். தெருவுக்குள் ஒருநாளும் வந்து சேரவில்லை. கதவைத் திறக்கிறவர்களின் முகம் கண்ணாடியில் கட்டைவிரல் அளவுக்குத் தெரியும். முன்பெல்லாம் கடிதத்தை வாங்குகிறவர்கள் முகத்தைப் பார்த்தே நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவார்.

நம்பிக்கை ஒருமுறை வந்தது. இரண்டாயிரத்து ஏழில் எழில் வாரியம் பெருந்தன்மை காட்டியது. தபால் துறையின் ஏறுவரிசைக்கு மதிப்பளித்து, ஒருவழிப் பாதையைத் திருப்பிப் போட்டது: இனி தெற்கே நுழைந்து வடக்கே வெளியேற வேண்டும். காத்தவராயன் அன்று வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னார். அதே வாரத்தில் டில்லியிலிருந்து பதில் வந்தது. அவர்களும் பெருந்தன்மை காட்டியிருந்தார்கள். உள்ளூர்ச் சட்டத்துக்கு மதிப்பளித்து, இனி இறங்குவரிசையில், எண்பத்து நாலிலிருந்து ஒன்றுக்கு.

மறுநாள் காத்தவராயன் வடக்கு முனைக்குப் போய், வடக்கே பார்த்து நின்று, தெற்கு நோக்கிப் பின்னால் நடந்தார். மற்றபடி எல்லாம் முன்போலவே இருந்தது.

அடுத்த வருஷம் இரண்டு தரப்பும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, உபசாரமாகப் பேசி, இரண்டு விதியையுமே எடுத்துவிட்டார்கள். எந்தத் திசையிலும் போகலாம், எந்த வரிசையிலும் கொடுக்கலாம். அந்த உத்தரவு காத்தவராயன் கைக்கு வந்தபோது அவருடைய சர்வீஸில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு நாள்.

அந்த ஒரு நாள் காலை, சலவை செய்த காக்கியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியையும் விளக்குகளையும் வீட்டிலேயே வைத்துவிட்டு, தெற்கு முனையில் நின்றார். பையில் எண்பத்து நாலு உறைகள் இருந்தன, எல்லாம் ஒரே மாதிரி நீள உறை. வடக்கே பார்த்தார். வடக்கே நடந்தார். எதிரே தெரு முழுசாகத் தெரிந்தது: பச்சைக் கதவு, காவிக் கதவு, மாடியில் காயும் போர்வை, கூரை விளிம்பில் புறா. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆனால் தெரு அவரை ஒருமாதிரியாகப் பார்த்தது. இரண்டாம் வீட்டில் கடிதத்தை வாங்கிக்கொண்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏழாம் வீட்டு அம்மாள், வயசாயிடுச்சு, முறை மறந்துபோச்சு பாவம் என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். தேவதாஸ்கூட, பிரெஞ்சு மரியாதை விடாமல், இதென்ன முசே, பட்டிக்காட்டான் மாதிரி என்றார். இருபதாம் வீட்டுக்கு முன்னால் கமலவேணி வந்து வழிமறித்தாள். இப்போது அவள்தான் திசைக் கண்காணிப்பாளர். சக்கரபாணி பதவி உயர்ந்து எந்தத் திசையும் இல்லாத ஓர் அறைக்குப் போய்விட்டார். அவள் கையில் ரசீதுப் புத்தகம்.

"அண்ணே, கொஞ்சம் திரும்பிக்குங்க."

"ரூலைத்தான் எடுத்துட்டாங்களேம்மா. உங்க ஆபீசுதானே எடுத்துச்சு."

"அது போக்குவரத்து ரூலு அண்ணே. போன மாசமே இதைப் பின்னடைப் பாரம்பரியத் தெருன்னு அறிவிச்சிட்டாங்களே. இங்க நேரா நடக்கறது பாரம்பரியத்துக்குக் கேடு. தெருக்காரங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கேட்டு வாங்கினது."

"இது என்னாம்மா பாரம்பரியம். எனக்கு வேற வழி இல்லாம நடந்தேன். உன் கடுதாசிக்காக நடந்தேன்."

"தெரியும் அண்ணே" என்றாள். குரல் தாழ்ந்துதான் இருந்தது. "அதான் சொல்றேன். ஆரம்பிச்ச நீங்களே மீறினீங்கன்னா, நான் அப்புறம் யாரைக் கேக்க முடியும்?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எல்லோர் பக்கமும் நியாயம் இருந்ததுதான் அந்தத் தெருவின் கஷ்டம். வாசல்களில் நின்றிருந்தவர்கள் அவளைப் பார்த்துத் தலையாட்டினார்கள். சட்டம் என்றால் தபால்காரனுக்கும் ஒன்றுதான், எழுதியவன் ஆனாலும் ஒன்றுதான் என்று ஒருவர் சொன்னார். காத்தவராயன் தெருவை இன்னொரு தடவை நிதானமாகப் பார்த்துக்கொண்டார். பிறகு திரும்பி நின்று, மீதி வீடுகளுக்குப் பின்னால் நடந்தே கொடுத்து முடித்தார். தெருவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அறுபத்தோராம் வீட்டு உறையைக் கமலவேணியின் அப்பா வாங்கிக்கொண்டார்.

எண்பத்து நாலாம் வீட்டிலும் கொடுத்துவிட்டு அவர் பெரிய தெருவுக்கு ஏறியபோது, பின்னால் உறைகள் பிரிபடும் சத்தம் கேட்டது. எழில் வாரியத்தின் நோட்டீஸ், எல்லா வீட்டுக்கும் ஒன்றே. அடியில் கமலவேணியின் கையெழுத்து. "தங்கள் இல்லத்தின் தலைவாசல் மேற்படி பாரம்பரியத் தெருவை நேர்முகமாக நோக்கி அமைந்திருப்பது இதன்மூலம் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. தொண்ணூறு நாட்களுக்குள் தலைவாசலை அடைத்து, கொல்லைப்புறம் தெருவை நோக்கும்படி வீட்டைத் திருத்தியமைத்துக்கொள்ள வேண்டியது."

இது அக்கிரமம், மனுக் கொடுக்கலாம் என்று ஒருவர் ஆரம்பித்தார். கொடுக்கத்தான் வேண்டும் என்று நாலு பேர் சொன்னார்கள். அப்போது யாரோ ஒருவர், பக்கத்துத் தெருக்காரர்களும் இதே பட்டத்துக்கு மனுப் போட்டிருக்கிறார்களாமே, அவர்கள் முந்திக்கொண்டால் என்ன ஆவது என்று கேட்டார்.

சாயங்காலத்துக்குள் முத்தியால்பேட்டையில் ஒரு கொத்தனார்கூட மிச்சமில்லை.